உதார் விடத் தெரியாதவர்

"அண்ணே, எனக்கு இந்த போக்கர் ஆட்டத்தைச் சொல்லிக் கொடுங்க."

டெய்லர் வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். இருபது வருடமாக அந்தச் சீட்டுக்கட்டை 'என் சக்களத்தி' என்று திட்டிக்கொண்டிருந்தவளா கேட்கிறாள்? ஞாயிறு மதியமானால் அவள் புருஷன், எலக்ட்ரீஷியன், இதே வெட்டு மேஜையில்தான் கூட்டாளிகளோடு உட்கார்ந்து ஆடுவார். அவர் இறந்து இன்றோடு பதினெட்டு நாள்.

"இப்ப எதுக்கும்மா அது?"

"மூணாவது ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டார். 'இது சீட்டாட்டம் மாதிரிம்மா, பத்துல ஒரு பங்குதான் வாய்ப்பு. வேண்டாம்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க'ன்னார். நான் கையெழுத்துப் போட்டேன். அதுக்கப்புறம் பதினோரு நாள் குழாயும் ஊசியுமா துடிச்சில்ல போனார்! நான் செஞ்சது சரியா, தப்பா? படுத்தா கண்ணு மூட மாட்டேங்குது. அவரா இருந்தா அந்தச் சீட்டை ஆடியிருப்பாரா? ஆட்டம் தெரிஞ்சாதானே எனக்குப் புரியும்?"

"அவரையே கேட்டிருக்கலாமே?"

"எங்க கேட்கிறது? நாக்கு குழறிப் போச்சு. டாக்டர் கையெழுத்துத் தாளோட வந்து நின்னா போதும், என்னைப் பார்த்து 'மடிச்சிடு, மடிச்சிடு'ம்பார். நானும் போர்வையை மடிச்சு மடிச்சு வெப்பேன். திரும்பவும் அதேதான். வீட்டுல சுத்தம் சுத்தம்னு பார்க்கிற பைத்தியம் ஆஸ்பத்திரியிலயும் விடல பாருங்க."

சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை, அழுதுவிட்டாள்.

சீட்டுக்கட்டு மேல் டிராயரில்தான் இருந்தது. அதைத் தேடி எடுக்க டெய்லருக்கு வெகு நேரம் பிடித்தது.

வந்து உட்கார்ந்து சீட்டைக் கலைத்தார். ஆளுக்கு இரண்டு போட்டார்.

"இது உனக்கு மட்டும். யாருக்கும் காட்டக் கூடாது. நடுவுல அஞ்சு சீட்டு திறப்போம். முதல்ல மூணு, அப்புறம் ஒண்ணு, கடைசியா ஒண்ணு. அது எல்லாருக்கும் பொது. எல்லாத்தையும் சேர்த்து யாருக்கு நல்ல அஞ்சு அமையுதோ, அவங்களுக்கு ஜெயம்."

"பந்தயம்?"

டெய்லர் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்தார். "இதான் எங்க பந்தயம். ஒவ்வொரு தடவை சீட்டு திறக்கும்போதும் ஏத்திக்கிட்டே போகலாம். கையில ஒண்ணுமே இல்லாம, இருக்கிற மாதிரி ஏத்தினா அதுக்குப் பேர் உதார்."

"நீங்க விடுவீங்களா அண்ணே?"

"யாரு, இவரா?" என்றபடி உள்ளேயிருந்து காஜா எடுக்க வேண்டிய சட்டைகளோடு வந்தாள் டெய்லரின் மனைவி. "பொய் சொன்னா காது சிவந்துடும். இருபது வருஷத்துல ஒரு உதாரும் பலிச்சதில்லை. 'சட்டை நாளைக்கு ரெடி'ங்கிற பொய்யைத் தவிர இவருக்கு வேற எதுவும் வராது."

எலக்ட்ரீஷியன் மனைவி தன் சீட்டுகளைத் திருப்பிக் காட்டினாள். ஸ்பேடில் ஒரு ரெண்டு, ஆர்டினில் ஒரு ஏழு.

"இது தேறுமா?"

"தேறாதும்மா. இதைவிட மோசமான கை கிடையாது."

"இந்தக் கை வந்தா அவர் என்ன பண்ணுவார்?"

டெய்லர் மேஜையில் சிதறிக் கிடந்த பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"ஆடுவார்."

"பாதியில எழுந்துக்க முடியாதா?"

இஸ்திரிப் பெட்டியை நகர்த்தி வைக்கும் சாக்கில் டெய்லர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"முடியாதும்மா. சீட்டைக் கையில வாங்கிட்டா, கடைசிச் சீட்டு திறக்கிற வரைக்கும் உட்கார்ந்தே ஆகணும். ஆட்டத்தோட விதியே அதான். மாப்பிள்ளை அதுல ரொம்பக் கறார். உன் கையெழுத்து, அவரே போட்ட மாதிரிதான்."

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பதினெட்டு நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டாள்.

"போதும் அண்ணே. இன்னிக்காவது தூங்குவேன்."

அவள் தெருமுனை திரும்பும் வரை டெய்லர் வாசலிலேயே நின்றார்.

"என்னங்க இது, தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டீங்க?" என்றாள் மனைவி. "கை மோசமா இருந்தா எப்ப வேணும்னாலும் விலகிக்கலாமே? அவரே எத்தனை தடவை விலகியிருக்கார்! சீட்டை உங்க பக்கம் தள்ளிவிட்டு ஒரு வார்த்தை சொல்வாரே, என்ன அது?"

டெய்லர் திரும்பினார். காது இரண்டும் சிவந்திருந்தன.

"'மடிச்சிடு'ம்பான்."