வாசனை தாங்கலையாம்!

“வீடு பூரா தாளிக்கிற வாசனை. சட்டையை மாட்டினா சட்டையிலயும் அதே வாசனை. சகிக்கலை!” என்றான் புருஷன், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே. “இன்னிக்கு அடுப்புக்கு மேலே சிம்னி மாட்ட ஆள் வருவார். கூட இருந்து பார்த்துக்கோ.”

அவ்வளவுதான், போய்விட்டான்.

பதினாலு வருஷமாக அவள் சமையலைத் தட்டு வழித்துச் சாப்பிட்ட மனுஷன். இப்போது திடீரென்று வாசனை தாங்கலையாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பதிலுக்கு ஒரு வார்த்தை பேச முடியவில்லை. வாசனை வருகிறதா இல்லையா என்று தெரிந்தால்தானே சண்டை போட!

அதுதான் சங்கதி. எட்டு மாதத்துக்கு முன்னால் வந்த காய்ச்சல், போகிற போக்கில் அவளுடைய மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. உப்பும் புளிப்பும் நாக்குக்குத் தெரியும். வாசனை மட்டும் சுத்தமாக இல்லை. தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தாள். “திரும்பி வரலாம், வராமலும் போகலாம்” என்றார் அவர். நல்ல டாக்டர்!

அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. தெருமுனை அலுவலகத்தில் பன்னிரண்டு பேருக்கு மதியச் சாப்பாடு அவள் அடுப்பிலிருந்துதான் போகிறது. வாசனை தெரியாதவள் சமைக்கிறாள் என்றால் எவர் வாயில் வைப்பார்? அதைவிடப் பெரிய பயம் புருஷன். “கேஸ் கசிஞ்சாகூடத் தெரியாத உனக்கு அடுப்பு எதுக்கு?” என்று ஒரே போடாகப் போட்டுவிடுவான். அந்த அடுப்பை விட்டால், தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு வேறு எதுவும் இல்லை.

அன்றைய சமையலை அவள் முடித்து இறக்கியதும், பத்து மணிக்கு மெக்கானிக் வந்தார். அடுப்பைப் பழைய பேப்பரால் மூடினார். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, இரண்டரை அடி உயரம் அளந்து, சுவரைத் துளைக்க ஆரம்பித்தார். செங்கல் தூள் சமையலறை முழுக்கப் பறந்தது. அவள் ஒவ்வொரு டப்பாவாகத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள்.

ஒருவழியாகச் சிம்னி ஏறியது. சுவிட்சைப் போட்டு, ஒரு துண்டுப் பேப்பரைக் கிட்டே கொண்டுபோனார். சப்பென்று மேலே ஒட்டிக்கொண்டது.

“நல்லா இழுக்குதும்மா. இனிமே சார் நிம்மதியா இருப்பார்.”

“இருக்கட்டும். அவர் ஒருத்தராவது இருக்கட்டும்” என்றாள்.

வேலை முடிந்தது என்று அவள் துடைப்பத்தை எடுக்கும்போது, அவர் பையிலிருந்து சின்ன வெள்ளைப் பெட்டி ஒன்றை எடுத்தார். மண்டியிட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்துத் திருகினார்.

“அது என்ன அண்ணே?”

“கேஸ் கசிஞ்சா கத்தும்மா. சிலிண்டர் கேஸ் கனம், தரையோட தவழும். அதான் கீழே மாட்டறது.”

“நாங்க இதைக் கேட்கவே இல்லையே?”

“சிம்னியோட வர்றதும்மா” என்றார், திரும்பிப் பார்க்காமலே.

கேஸ், கசிவு என்று பேச்சு போகிற திசையே அவளுக்குப் பிடிக்கவில்லை. சீக்கிரம் கிளம்பினால் தேவலை.

“ஜன்னலைத் திறந்து வைங்க. கத்துதான்னு ஒரு தடவை பார்த்துடலாம்.” அவர் எழுந்து அடுப்பின் குமிழில் கையை வைத்தார். தினமும் நாலு வீடு ஏறி இறங்குகிற வாய்ப் பழக்கம், “வாசனை வந்தா சொல்லுங்கம்மா” என்றும் சேர்த்துச் சொன்னார்.

லேட்டாகச் சொன்னால் சந்தேகம் வந்துவிடும். முந்திக்கொண்டாள்.

“வருது, வருது! நல்லாவே வருது. மூடுங்க அண்ணே!”

“நான் இன்னும் திருகவே இல்லையேம்மா…”

சொன்ன வேகத்தில் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். எட்டு மாதம் பொத்திப் பொத்தி வைத்தது, முன்பின் தெரியாத ஒரு மனுஷன் முன்னால் இப்படியா உடைய வேண்டும்!

“அண்ணே, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். எனக்கு வாசனை தெரியாதுன்னு அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அப்புறம் என்னை அடுப்புப் பக்கமே விடமாட்டார்” என்றாள். கண்ணில் நீர் முட்டியது.

மெக்கானிக் முகத்துத் துணியை அவிழ்த்தார்.

“எங்க கடைக்கு சார் வந்ததே இந்தப் பெட்டிக்குத்தாம்மா. இதை மட்டும் மாட்டினா, அவருக்கு விஷயம் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சு, நீங்களே அடுப்பை விட்டு விலகிடுவீங்களாம். அதுக்குத்தான், வாசனை தாங்கலைன்னு பொய் சொல்லி உங்ககிட்ட கெட்ட பேர் வாங்கினாலும் சரின்னு, இந்தச் சிம்னியையும் சேர்த்து மாட்டச் சொன்னார்.”