மோட்டார் மாற்றிய சனிக்கிழமை

கேக்கின் மேல்தட்டு இடப்பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தது.

நான் ஸ்குரூட்ரைவரைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஹம்சிகா அக்கா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் வெள்ளவத்தையில் தன் ஃபிளாட்டிலேயே கல்யாணக் கேக் செய்து கொடுப்பவர். இது மூன்று தட்டு, முழுக்கப் பட்டர் ஐசிங். இரண்டு மணிக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து கேக்கை ஏற்றிப்போக வான் வரும். நாலு மணிக்குக் கல்யாணம். கேக் அறையின் ஏசியோ காலையிலிருந்து சூடான காற்றைத்தான் ஊதுகிறது.

அவருடைய அவசரச் செய்தியை, ஏசி திருத்தப் படிப்பிக்கும் எங்கள் சேர் ஒன்பதரைக்கு மாலை வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் போட்டார். தான் குருநாகலில் நிற்பதாகவும், யாராவது போக முடியுமா என்றும் கேட்டிருந்தார். எல்லோரும் கைகூப்பும் படம் போட்டார்கள். ஒருவரும் போகவில்லை.

போகாமல் இருப்பதற்கு எல்லோரையும் விட எனக்குத்தான் நல்ல காரணம் இருந்தது. ஆனால் செய்தியோடு கேக்கின் படமும் வந்திருந்தது. சலூனுக்குப் போய்வருவதாக வீட்டில் சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறினேன்.

பகலில் நான் துறைமுகத்தில் கிளார்க். ஏசி வகுப்பில் சேர்ந்து ஏழு மாதம். சேர் பக்கத்தில் நிற்காமல் இதுவரை ஒரு ஆணியும் கழற்றியதில்லை.

“நீர் இதுக்கு முதல் ஏசி திருத்தியிருக்கிறீரோ?” என்று அக்கா கேட்டார்.

ஓம் என்றேன். வகுப்புக் கொப்பியில் திருத்தியிருக்கிறேன் என்று சொல்லவில்லை.

வெளி யூனிட் பல்கனியில் இருந்தது. உள்ளே கொம்பிரசர் உறுமியது, விசிறி அசையவில்லை. கேக் வெந்துவிட்டதா என்று குத்திப் பார்க்கும் நீளக் குச்சியை வாங்கி, கம்பிக்குள்ளால் இறக்கையைத் தள்ளினேன். அரைச் சுற்றுச் சுற்றி நின்றது.

மின்சாரத்தை நிறுத்தினேன். நிறுத்தினேனா என்று திரும்பிப் போய்ப் பார்த்தேன். கெப்பாசிட்டரை அளந்தேன், நன்றாக இருந்தது. மோட்டாரை அளந்தேன், மீட்டர் ஒன்றும் காட்டவில்லை. மீட்டரில்தான் பிழையோ என்று அதன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்தேன். கூவியது.

மோட்டார்தான் செத்திருந்தது.

கடைகள் இருக்கும் காலி வீதிக்கு ஓடி, அதே அளவில் ஒன்று வாங்கிவந்தேன். இந்த மோட்டார் இரண்டு பக்கமும் சுற்றும், பிளக்கை மாற்றிச் செருகினால் திசை மாறும் என்று கடைக்காரர் சிங்களத்தில் சொன்னார். எனக்கா தெரியாது? கொப்பியில் நாற்பத்தோராம் பக்கம். அம்புக்குறியோடு வரைந்திருந்தேன்.

இதற்கிடையில் மணப்பெண்ணின் மாமி, கேக்குக்குச் சொல்லியிருந்த கொன்ஸ்ரன்ஸ் என்பவர், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அக்காவுக்குக் கோல் எடுத்தார். எல்லாம் வடிவாய் இருக்கு அன்ரி என்று அக்கா ஒவ்வொரு முறையும் சொன்னார். சொல்லும்போது மேல்தட்டை ஒரு கையால் தாங்கிப் பிடித்திருந்தார்.

பன்னிரண்டு பத்துக்கு விசிறி சுற்றியது.

அக்கா கைதட்டினார். நான் நேரத்தைக் கொப்பியில் எழுதினேன்.

பன்னிரண்டு இருபதுக்கு யூனிட் தொட முடியாமல் சுட்டது. கொம்பிரசர் தானாகவே நின்றது. விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அறை குளிரவேயில்லை.

அக்கா மேல்தட்டைத் தூக்கிப்போய் ஃபிரிஜ்ஜுக்குள் வைத்துப் பார்த்தார். கதவு மூடவில்லை. திருப்பிக் கொண்டுவந்தார். பிறகு ஒரு பட்டர் பேப்பரை எடுத்துத் தனக்கு விசிறிக்கொண்டு பல்கனிக்கு வந்தார்.

பேப்பர் அவருடைய கையிலிருந்து நழுவியது. போய் யூனிட்டின் முன்கம்பியில் ஒட்டிக்கொண்டது.

விழவில்லை. ஒட்டியபடியே நின்றது.

காற்றை வெளியே தள்ள வேண்டிய விசிறி, உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

நாற்பத்தோராம் பக்கத்தைத் திறந்தேன். அம்புக்குறி தெளிவாகத்தான் இருந்தது. வகுப்பில் நான் சேருக்கு எதிரே, மேசையின் மறுபக்கத்தில் உட்காருபவன். அவர் விசிறியை முன்னால் இருந்து பார்த்துச் சொன்ன திசையை, நான் பின்னால் இருந்து பார்த்து வரைந்திருக்கிறேன். ஏழு மாதமாக.

மீதிப் பக்கங்களை நினைக்கப் பயமாக இருந்தது. பிறகு நினைக்கலாம் என்று விட்டேன்.

மின்சாரத்தை நிறுத்தினேன். பிளக்கைக் கழற்றி மாற்றிச் செருகினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கொம்பிரசர் ஆறும்வரை காத்திருந்ததுதான் பெரிய வேலை. கீழே விழுந்திருந்த பேப்பரை மறுபடி முன்கம்பியில் செருகிவிட்டுச் சுவிட்சைப் போட்டேன்.

பேப்பர் கம்பியை விட்டுக் கிளம்பியது. பல்கனியைத் தாண்டி, ரயில் பாதையைத் தாண்டிக் கடல் பக்கம் பறந்தது. நான் கத்திவிட்டேன். கீழே போன ஒருவர் அண்ணாந்து பார்த்தார்.

ஒரு மணிக்கு அறை இருபத்தேழு பாகை. பத்து நிமிடத்தில் இருபத்துமூன்று. உள்ளே நிற்கக் குளிர்ந்தது.

நான் போயிருக்க வேண்டும். போக முடியவில்லை. அக்கா மேல்தட்டை நிமிர்த்தினார், ஐசிங்கைக் கத்தியால் வழித்து மட்டமாக்கினார், உருகிப்போன பூக்களை எடுத்துவிட்டு வேறு பூ வைத்தார். கடைசியில் ஐசிங் பையை எடுத்து, ஓடர் எழுதிய துண்டைப் பார்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டு பெயர்களையும் எழுதி முடித்தார். டில்ஷானி. ஜொனாதன்.

கேக் ஆடாமல் நின்றது. அவ்வளவு அழகாக ஒன்றை நான் பார்த்ததில்லை.

அக்கா கையைத் துடைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தார். என்னை ஏசித் தம்பி என்றுதான் போட்டுவைத்திருக்கிறாராம். கேக் செய்கிற சிநேகிதிகள் எல்லோருக்கும் நம்பரைக் கொடுக்கப் போகிறாராம், பெயரைச் சொல்லச் சொன்னார்.

சொன்னேன்.

அவர் கேக்கைப் பார்த்தார். முழங்கைவரை கறுத்திருந்த என் கைகளைப் பார்த்தார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்று நாற்பது.

“அட தம்பி,” என்றார், “நீர் போய்ச் சேராட்டி அங்க இந்தக் கேக்கை ஆர் வெட்டுறது?”