படுத்துக்கொண்ட மெஷின்

ஸ்கேன் அறைக்கு வெளியே ஆஸ்பத்திரி அங்கியில் உட்கார்ந்திருந்தார் அவர். மாதக்கணக்காக விடாத தலைவலி. ஸ்கேன் மெஷினின் குறுகிய குழாய்க்குள் போகப் பயந்து, ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். இன்று மனைவி கையோடு இழுத்து வந்துவிட்டாள்.

கதவைத் திறந்து நர்ஸ் தலையை நீட்டினாள்.

"மன்னிச்சுக்குங்க சார், மெஷின் திடீர்னு நின்னுபோச்சு. கம்பெனிக்குச் சொல்லியிருக்கோம். அவங்க ஆள் வந்து சரிபண்ணினாதான் உண்டு."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முகத்தை மட்டும் கஷ்டப்பட்டுச் சோகமாக வைத்துக்கொண்டார்.

"ப்ச்! நம்ம நேரத்தைப் பாத்தியா? சரி, கிளம்பு. அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

"நீங்க தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காரும்போதெல்லாம் என் வயித்துல நெருப்பு எரியுது, தெரியுமா?" மனைவிக்குக் கண் கலங்கியது.

அவர் தன் சட்டையைத் தேடினார்.

அப்போது மனைவியின் கைப்பையில் இருந்த அவருடைய செல்போன் அடித்தது. அவள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். அவருடைய மேனேஜரின் குரல் பதறியது.

"இன்ஜினியர் சார், லீவுல இருக்கீங்கன்னு தெரியும். உங்க வீட்டுப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில நம்ம கம்பெனி ஸ்கேன் மெஷின் படுத்துடுச்சு. எத்தனையோ நாட்டுல அதைப் பிரிச்சுக் கோத்த கை உங்களுது! கொஞ்சம் போய்ப் பாக்க முடியுமா?"

அவர் 'வேண்டாம், வேண்டாம்' என்று அவசரமாகக் கையை ஆட்டினார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"இங்க வாசல்லயேதான் இருக்கார் சார். சரிபண்ணிட்டு, முதல் ஆளா அவரே உள்ள படுத்துக் காட்டுவார்!"