போயிட்டு வரேன்: இரண்டாம் நிலை

தமிழ்த் தேர்வில் மூன்றாம் நிலையாவது எடுக்காதவர்கள் நகரத்துக்குள் குடியிருக்கக் கூடாது என்றான பிறகு, மதிப்பெண் போடுகிறவர்களுக்கு ஏகக் கிராக்கி. செவ்வந்தியும் மதிப்பீட்டாளர் பயிற்சியில் சேர்ந்தாள்.

முதல் நாள் பேச்சுத் தேர்வு ஒன்றின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். தேர்வு முடிந்து எழுந்த யாரோ ஒருவர், "போயிட்டு வரேங்க" என்றார். செவ்வந்தி ஐந்துக்கு ஐந்து போட்டாள்.

"ரெண்டு," என்றார் பயிற்சியாளர் தயாபரன். "சொல்லும் செயலும் ஒத்துப்போகணும். அந்த ஆள் திரும்பி வரப்போறாரா? அப்ப போறேன்னுதானே சொல்லணும்?"

"சார், போறேன்னு சொன்னா எங்க வீட்ல அடி விழும். செத்தவங்கதான் சார் அப்படிப் போவாங்க."

"அளவுகோல்ல அதெல்லாம் இல்லைம்மா. நீங்க மட்டும் தனியா மார்க் போட்டா சான்றிதழ் கிடைக்காது."

ஐந்தை அடித்துவிட்டு இரண்டு போட்டாள். அடுத்தடுத்து வந்த குரல்களுக்கும் போட்டாள். கை பழகிவிட்டது. சான்றிதழும் வந்துவிட்டது.

அந்த மாதமே அவள் கணவன் வேலாயுதத்துக்கும் தேர்வு நடந்தது. வேறு யாரோதான் மதிப்பிட்டார்கள். இரண்டாம் நிலை. விடைபெறும்போது எங்கே கோட்டை விட்டான் என்பதை செவ்வந்திதான் அவனுக்கு உட்காரவைத்து விளக்கினாள். படித்த படிப்பு அப்படி.

நகரத்தை விட்டு வெளியேற வேண்டிய நாளில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான் வேலாயுதம். வாய்வரை வந்ததை விழுங்கினான். பிறகு நிதானமாக, "போறேன், செவ்வந்தி" என்றான்.

சொல்லும் செயலும் அச்சு அசலாக ஒத்துப்போயின. ஐந்தாம் நிலை.