கனெல்லா தைத்த கொடி

"பகையை ஒத்திவைக்க மாட்டேன், சாமி. சத்தியமெல்லாம் என்னால பண்ண முடியாது."

சொல்லிவிட்டுக் கனெல்லா ஊசியில் நூலைக் கோத்தாள். பாதிரியார் வேதப் புத்தகத்தை ஏந்தியபடி வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் என்றுகூட அவள் சொல்லவில்லை.

விடிந்தால் ஊர் ஆண்கள் துருக்கியர்மேல் படையெடுத்துக் கலமாத்தாவுக்குப் புறப்படுகிறார்கள். கிரேக்க நாட்டுத் தென்கோடி மலைச்சீமையான எங்கள் மானியில் நாலு வீடு இருந்தால் மூன்று பகை இருக்கும். அதனால் போருக்கு முன்னால் வீடு வீடாகச் சத்தியம் வாங்குவது வழக்கம். சண்டை முடியும்வரை உள்ளூர்ப் பகை கிடையாது, முடிந்தபின் அவரவர் பாடு. எல்லா வீடும் வேதத்தில் கைவைத்தாகிவிட்டது. கனெல்லா வீடு மட்டும்தான் பாக்கி.

அவள் புருஷனைச் சுட்டுக் கொன்றவன் சனேத்தோஸ். ஒரு மேய்ச்சல் நிலத் தகராறு. எங்கள் வழக்கப்படி சுடப்பட்டவனின் சட்டையை இரத்தக்கறையோடு மனைவி சுவரில் மாட்டிவைப்பாள். பழி தீரும்வரை அதைத் துவைக்கக் கூடாது. அது சுவரில் இருக்கும்வரை பழிவாங்க வேண்டிய மகனுக்கும் நிம்மதி கிடையாது.

"ஊரே ஒண்ணு சேருது. நீ மட்டும் இப்படி நின்னா நல்லாவாம்மா இருக்கு?"

"கொடி தைச்சுத் தர்றேன்னு சொன்னேன், தர்றேன். அதோட விடுங்க சாமி."

கொடி தைக்கும் வேலையை அவளிடம் கொடுத்ததே பாதிரியார்தான். தைக்கத் தைக்க மனசு இளகும் என்று நினைத்தார். துணிக்குத்தான் பெரும் பஞ்சம். வீட்டுக்கு ஒரு துண்டு என்று வெள்ளைத் துணி வாங்கினார்கள். சிலுவைக்கு வேண்டிய நீலம் பாதிரியாரின் பழைய அங்கி.

செய்தி ஊருக்குள் போனது. பெண்கள் சும்மா விடுவார்களா?

"அவ மனசும் அவ குடியிருக்கிற கல்கோபுர வீடு மாதிரிதான். ஜன்னலே கிடையாது. துப்பாக்கி நீட்டுற ஓட்டைதான் இருக்கு."

"நாடு எப்படிப் போனா என்ன, அவளுக்கு அவ பழிதான் பெருசு."

படைத்தலைவர் பானாகோஸுக்கு வேறு தலைவலி. கொடி பிடிக்க அவர் தேர்ந்தெடுத்திருந்தது சனேத்தோஸை.

"கொடியை வேற யாருகிட்டயாவது குடுங்க, தலைவரே" என்றான் சனேத்தோஸ்.

"ஏன், பயமா?"

"முன்னாடி துருக்கிக்காரன் சுட்டா அது வேற. கொடி பிடிக்கிறவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே நடக்க முடியுமா? எனக்குப் பின்னாடி லிகூரிஸ் வருவான்."

லிகூரிஸ் கனெல்லாவின் ஒரே மகன்.

"அவனை வேணும்னா ஊர்லயே விட்டுட்டுப் போயிடுவோம்."

"விட்டுட்டுப் போனா அவன் மானம் போயிடும். அதுக்கும் என்னைத்தான் சுடுவான்."

தலைவர் தாடியைச் சொறிந்துகொண்டார். சனேத்தோஸ் வராவிட்டால் அவன் பங்காளிகள் ஒருவரும் வரமாட்டார்கள். பாதிப் படை போய்விடும்.

காலையில் கோவில் முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள். கறுப்பு உடையில் கனெல்லா கொடியை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். கூட்டம் வழிவிட்டது. வாங்க என்று ஒருவரும் சொல்லவில்லை.

தலைவர் கொடியை விரித்தார். வெள்ளையின் நடுவே நீலச் சிலுவை. அதன்கீழே 'வெற்றி அல்லது மரணம்'. மற்ற ஊர்க்காரர்கள் 'விடுதலை அல்லது மரணம்' என்று எழுதிக்கொள்கிறார்களாம். எங்களை எவன் ஆண்டான், நாங்கள் விடுதலை கேட்க?

"கனெல்லா, கடைசியாக் கேக்குறேன். சத்தியம் பண்றியா?" என்றார் பாதிரியார்.

"மாட்டேன்."

கூட்டம் முணுமுணுத்தது. பின்னாலிருந்து ஒருவர், "அப்புறம் எதுக்கு இந்தக் கொடியைத் தைச்சே?" என்றார்.

அவள் தலைவர் கையிலிருந்து கொடியை வாங்கி நேரே சனேத்தோஸிடம் போய் நீட்டினாள். புருஷன் செத்ததிலிருந்து அவன் முகத்தை அவள் பார்த்தது அன்றுதான்.

"பிடி" என்றாள்.

கொடியை வாங்குகிறவன் சிலுவையை முத்தமிட வேண்டும். சனேத்தோஸ் குனிந்தான். குனிந்தவன் அப்படியே நின்றான்.

சிலுவையை ஒட்டிய வெள்ளைத் துண்டில் மங்கலாகப் பழுப்புக் கறை. அதன் நடுவில் விரல் நுழையும் அளவு ஓட்டை, நெருக்கமாக இழையோட்டி அடைக்கப்பட்டிருந்தது. எங்கள் ஊரில் தான் சுட்ட இடத்தை மறந்தவன் கிடையாது.

"இது... யார் வீட்டுத் துணி?" என்றான்.

"எங்க வீட்டுத் துண்டு. வீட்டுக்கு ஒண்ணு கேட்டாங்களே."

"அந்தச் சட்டையைத் துவைச்சுட்டியா?"

"துவைச்சுட்டேன். கறை முழுசாப் போகலை."

லிகூரிஸ் கொடியைப் பார்த்தான், தாயைப் பார்த்தான். பிறகு துப்பாக்கியின் வாயைத் தரைப் பக்கம் திருப்பிப் பிடித்தான். சனேத்தோஸ் அந்த ஓட்டையின்மேல் உதட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தான். அவன் அழுததை யாரும் கேலி செய்யவில்லை.

பாதிரியாருக்குத்தான் தாங்கவில்லை.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? ஒரு வார்த்தை சத்தியம் பண்ணியிருந்தா ஊர் வாயில விழுந்திருக்க மாட்டியே, அம்மா."

கனெல்லா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சண்டை முடிஞ்சதும் திரும்ப எடுக்கத்தானே சாமி ஒத்திவைக்கிறது? எங்கிட்ட திரும்ப எடுக்க ஒண்ணும் இல்லை."