தட்டுக்கு அடியில் புளி

குவாரிக்கு அனுமதி நாற்பது மீட்டர் ஆழம்வரைதான். பள்ளத்தை அளக்க வந்த ஜெசிந்தா, தன் சொந்த ட்ரோனின் லேசர் உயரமானியை லேப்டாப்போடு கேபிளில் இணைத்து, அமைப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி சிங்கத்துரை திரையை எட்டிப் பார்த்தார்.

“திருத்தம்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன போடுவ தங்கச்சி?”

“லேசருக்கும் ட்ரோன் காலுக்கும் நடுவுல உள்ள உசரம், அண்ணாச்சி. பன்னிரண்டு சென்டிமீட்டர். அளவுல அதைக் கழிச்சிரும்.”

“இருபது மீட்டர் கழிக்கச் சொல்லு.”

அவள் கேபிளின் முனையை அழுத்திப் பார்த்தாள்.

“சரி, பதினெட்டு. உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்.”

“எங்கய்யா பலசரக்குக் கடை வச்சிருந்தாரு அண்ணாச்சி. தராசுத் தட்டுக்கு அடியில புளி ஒட்டுறவங்கள அஞ்சு வயசுலயே கண்டுபிடிச்சிருவேன்.”

“கல்லு பறக்குற இடம். உன் ட்ரோன் திரும்பி வராது, பாத்துக்க.”

“வராட்டியும் அளவு இங்க வந்துரும்லா.”

பன்னிரண்டு சென்டிமீட்டரையே அடித்துச் சேமித்து, கேபிளை உருவினாள். ட்ரோன் விளிம்பு மட்டத்திலேயே பள்ளத்தின் மேல் நகர்ந்தது. திரையில் முப்பது, முப்பத்தொன்பது.

“போதும்,” என்றார் சிங்கத்துரை, திரையிடம்.

நாற்பத்தாறு.

“போதும்னு சொல்லுதேன்லா!”

ஜெசிந்தா அவர் உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.