பின்வாசல் படிக்கல்

"இந்தப் படிக்கல்லையே அவளுக்கு வெச்சிடலாம்," என்றார் எவரெட்.

மனைவி லோர்னாவை அடக்கம் செய்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அவள் தம்பி வெண்டல் நிமிர்ந்து பார்த்தான். "கல்லறைக்கு யாராவது வாசப்படிய வெப்பாங்களா, அத்தான்?"

"நாளெல்லாம் தேடி அலைஞ்சுட்டு வந்து இதுலதான உக்காருவா."

அவள் தேடியது ஒபதையா தர்லோவின் கல்லறையை. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இந்தப் பண்ணை நிலத்தை முதன்முதலில் வாங்கிய வெள்ளைக்காரர். அவள் வம்சத்தின் முதல் ஆள். சுற்றுவட்டாரத்தில் ஓர் இடுகாடு பாக்கியில்லை. அவர் மட்டும் அகப்படவில்லை.

"கடைசி வாரங்கூட இதுல உக்காந்து, 'அந்தக் கிழவன் எங்கதான் ஒளிஞ்சிருக்கான்'னு பொலம்புனா," என்றார் எவரெட். "ஒரு நாளாவது கூட வந்து தேடினியான்னு என்னையும் திட்டுனா."

"கல்லு ஏது?"

"ஆப்பிள் தோட்டத்து ஓரம் மண்ணுல புதைஞ்சு கெடந்துச்சு. அவளுக்கு முட்டி வலி வந்தப்ப டிராக்டர்ல கட்டி இழுத்தாந்தேன். அவ வர்றதுக்குள்ள போட்டுடணும்னு மண்ணக்கூடக் கழுவல. மழையில வழுக்கிடக் கூடாதேன்னு, சொரசொரப்பான பக்கத்த மேல வெச்சேன்."

இருவரும் கடப்பாரை போட்டுப் புரட்டினார்கள். அடிப்பக்கத்து மண்ணை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டே வந்த வெண்டல் பாதியில் நிறுத்திவிட்டான்.

கல்லில் உளி எழுத்து: ஒபதையா தர்லோ, 1671.

எவரெட் மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"அவன் எங்கயும் ஒளியல, வெண்டல். நான்தான் கவுத்து வெச்சிருந்தேன்."